அசனத்தில் டம்ளர் கழுவுவது யார்?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் அசனம் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பண்டிகையை ஒட்டி ஊரே கோயில் வளாகத்தில் கூடி உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. (சர்ச்சையும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.) வீடு வீடாக அரிசியும் பணமும் வசூலிப்பார்கள். முந்தின நாள் ராத்திரியே மண்ணில் அடுப்பு வெட்டி, ஆண்கள் விடிய விடிய நின்று சமைப்பார்கள். வடித்த சோற்றைப் புது ஓலைப்பாய் விரித்து அதில் குவித்து வைப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, சாம்பார், ரசம். இருப்பவர் இல்லாதவர், இந்தத் தெரு அந்தத் தெரு என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதுதான் அதற்கு உயிர். சாத்தான்குளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் அசனம் மே மாதம் வரும். சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறவர்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருக்கும் நேரம்.

அசனத்துக்கு மறுநாள் கோயிலுக்குப் பின்பக்கம் போனால் வேறு காட்சி. காகிதக் கப், தண்ணீர் பாக்கெட், வீட்டுக்குச் சாம்பாரும் குழம்பும் கட்டிக்கொண்டு போன பாலித்தீன் பையின் மிச்சம், வாழை இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த காகித இலை. எல்லாம் ஓடைக் கரையில் குவிந்து கிடக்கும். சாயங்காலம் யாராவது தீ வைப்பார்கள். பாதி எரியும், பாதி உருகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் இவற்றில் ஏறக்குறைய எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. காகிதக் கப் காகிதம்தானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதன் உட்புறம் மெல்லிய பாலித்தீன் பூச்சு இருக்கிறது. அது இல்லையென்றால் சூடான காபி கையில் ஒழுகிவிடும். அந்தப் பூச்சு இருப்பதால்தான் அந்தக் கப்பும் தடைப் பட்டியலில் இருக்கிறது. மண்ணில் மக்காமல் கிடப்பதும் அதனால்தான்.

இது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்த விஷயம். ஊருக்கு உறைத்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று பயணிகள் தவித்தார்கள். அவ்வளவு மழைக்கு எந்த ஓடையும் தாங்காது, உண்மைதான். ஆனால் எங்கள் ஊர் ஓடையில் தண்ணீர் இறங்காமல் நின்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாலத்துக்கு அடியில் அடைத்திருந்ததை இளைஞர்கள் கம்பியால் இழுத்து வெளியே போட்டபோது, சேறோடு சேர்ந்து வந்ததில் பாதிக்கு மேல் கப்பும் பாக்கெட்டும் பையும்தான். அது எங்கள் அசனத்துக் குப்பை மட்டும் என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீடும் அம்மன் கோயில் கொடைவிழாவும் கடைத்தெருவும் அதில் உண்டு. ஆனால் கோயிலுக்கு நேர் பின்னால் இருக்கிற ஓடை அது. எங்கள் பங்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அதற்கு அப்புறம் பேச்சு எழுந்தது. எப்போதும்போல முதலில் வந்த யோசனை மரம் நடுவது. ஜூன் 5-ஐ ஒட்டி வரும் சுற்றுச்சூழல் ஞாயிற்றில் எங்கள் சபையில் செய்தி உண்டு, பிள்ளைகளுக்குப் பாட்டு உண்டு, "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்ற வசனம் உண்டு, ஒரு மரக்கன்றும் உண்டு. மரம் நடுவதை நான் குறைவாகப் பேசவில்லை. ஆனால் இந்தச் செம்மணல் தேரிக்காட்டு வெயிலில் ஜூன் மாதம் நடும் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. அசனக் குப்பைக்கும் மரக்கன்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாம் உண்டாக்கும் குப்பையை அப்படியே விட்டுவிட்டு வேறொரு நல்ல காரியம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் நான் ஸ்டீல் டம்ளர் வாங்கலாம் என்றேன். சங்கத்தின் மூத்த அக்கா ஒருத்தர் உடனே கேட்டார்: "டீச்சர், டம்ளர் வாங்குறது பெரிசில்ல. கழுவுறது யாரு?"

எல்லாப் பிரச்சினையும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அசனத்தில் காகிதக் கப்பே கிடையாது. வீடுகளிலிருந்து செம்பும் டம்ளரும் எடுத்து வருவார்கள். சாப்பாட்டுக்கு நிஜ வாழை இலை, இல்லாவிட்டால் பனை ஓலைப் பட்டை. அந்தக் காலம் பொற்காலம் என்று வயதானவர்கள் சொல்லும்போது எனக்கு முழு சம்மதம் வராது. ஏனென்றால் அந்தப் பாத்திரங்களைக் கழுவியது யார், எச்சில் இலையை அள்ளியது யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊரின் கடைசித் தெருவிலிருந்து வரும் சில பெண்கள்தான். அவர்களும் சபையார்தான். பந்தியில் எங்களோடு சமமாக உட்கார்ந்தவர்கள், பந்தி முடிந்ததும் பாத்திரக் குவியலுக்குப் போய்விடுவார்கள். கூலியாகக் கொஞ்சம் அரிசியும் கறியும் கொடுப்பார்கள். பரிமாறுவதற்கு ஊரில் அடிதடி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்க அத்தனை பேர் முன்னே வருவார்கள். இலை எடுக்க ஒருத்தரும் வர மாட்டார்கள்.

அந்தப் பெண்களின் பிள்ளைகள் படித்தார்கள். நர்ஸ் ஆனார்கள், திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனார்கள். தங்கள் அம்மாவை இந்த வேலைக்கு விட மறுத்தார்கள். அதைவிட நல்ல காரியம் எங்கள் சபையில் நடந்ததில்லை என்பேன். ஆனால் அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு வேறு யாரும் போகவில்லை. அந்த இடத்துக்குக் காகிதக் கப் வந்தது. பிளாஸ்டிக் எங்கள் விருந்துக்குள் வந்த கதை இதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்ற ஊர்களிலும், மற்றக் கோயில்களிலும் ஏறக்குறைய இதே கதையாகத்தான் இருக்கும். கொரோனா சமயத்தில் அடுத்தவர் குடித்த டம்ளரைத் தொடப் பயம் வந்தது இன்னொரு காரணம். அந்தப் பயம் நியாயமானதுதான். அது போன பிறகும் கப் போகவில்லை.

அந்தக் கூட்டத்து விஷயம் ஊரில் பரவியதும், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த அண்ணாச்சி ஒருவர் அமிர்தசரஸ் பொற்கோயிலைப் பற்றிச் சொன்னார். பணியில் இருந்தபோது பலமுறை அங்கே சாப்பிட்டவர். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் பேருக்கும் மேல் இலவசமாகச் சாப்பிடும் லங்கரில் இன்றைக்கும் ஸ்டீல் தட்டுதான். கழுவுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல, கும்பிட வந்தவர்கள். கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தொட்டி ஓரத்தில் வரிசையாக நின்று தட்டுக் கழுவுவார்களாம். அதற்கு இடம் கிடைக்கக் காத்திருப்பார்களாம். "அங்க கழுவுறதுதான்யா ஆராதனை" என்றார் அண்ணாச்சி.

நம்மிடமும் அது இருக்கிறதே! பெரிய வியாழனன்று வருஷா வருஷம் வாசிக்கிறோம்: பந்தியிலிருந்து எழுந்து, மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சீஷர்களின் கால்களைக் கழுவிய இயேசுவைப் பற்றி. டம்ளர் கழுவுவது அதைவிடத் தாழ்ந்த வேலையா?

முதலில் டம்ளருக்கு வழி பார்த்தோம். சபைப் பணத்தில் வாங்கினால் தொலைந்துபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் கோயிலுக்குள் போனால் மின்விசிறி, கடிகாரம், பெஞ்சு, பிரசங்க பீடத்து விளக்கு, எதைப் பார்த்தாலும் யாராவது ஒருவர் நினைவாகக் கொடுத்தது என்று பேர் எழுதியிருக்கும். இனி மின்விசிறி மாட்ட இடமில்லை. அதனால் இறந்துபோன அம்மா அப்பா நினைவாக டம்ளர் கொடுங்கள் என்று ஆராதனை முடிவில் விளம்பரம் (அறிவிப்பு) வாசிக்கச் சொன்னோம். பாத்திரக்கடையிலேயே பேர் வெட்டித் தந்துவிடுவார்கள். சிலர் பத்து கொடுத்தார்கள், மும்பையிலிருந்து ஒரு குடும்பம் நூறு அனுப்பியது. இதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அசனத்தன்று தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிப் பேர் வாசிக்கிறார்கள்! "ஏ, இது நம்ம ஞானம்மா பாட்டி டம்ளர்லா" என்று பேத்தி ஒருத்தி பந்தியில் கத்தினாள். பாட்டி பேர் வெட்டிய டம்ளரை யாரும் ஓடையில் எறிய மாட்டார்கள். எண்ணி வாங்கி, எண்ணி வைக்கும்போது சில குறையத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் அடுத்த ஞாயிறு காணிக்கைப் பையோடு சேர்த்து யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

அப்புறம் கழுவும் இடம். இதை நடத்திப் பார்க்க நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலபேர் தோற்பது இங்கேதான். கழுவும் இடம் பந்திக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். பின்னால் இருட்டில் வைத்தால் பழையபடி ஏழைகள் தலையில்தான் விழும். எங்களுடையது வேப்பமரத்தடியில், பரிமாறுகிற மேசைக்கு நேர் எதிரில். மூன்று அண்டா. முதலாவதில் வெறும் தண்ணீர். எச்சிலை அலசிவிட மட்டும். இரண்டாவதில் சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும். மூன்றாவதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். சோறு வடித்த அடுப்பில் தணல் மிச்சம் இருக்கும், அதிலேயே வைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் முக்கி எடுப்பதைப் பார்த்த பிறகு சுத்தம் பற்றிய பயம் நிறையப் பேருக்குப் போய்விட்டது. கழுவின டம்ளரை நார்க்கட்டிலில் கவிழ்த்து வைக்கிறோம். பனைநார்ப் பின்னலின் சந்துகளில் தண்ணீர் வடிந்து, மே மாத வெயிலில் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது. துடைக்கத் துணி தேவையில்லை.

தண்ணீர் செலவாகுமே என்ற கேள்வியும் வந்தது. எங்கள் மண்ணில் அது சாதாரணக் கேள்வி இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிச்சயமாக வீணாகும். அண்டாவில் முக்கிக் கழுவினால் அவ்வளவு ஆகாது. அலசின தண்ணீர் வாய்க்கால் வெட்டி, கோயில் தென்னைகளுக்குப் போகிறது.

முதல் பந்தி முடிந்ததும் எங்கள் ஐயர்தான் முதலில் வந்து நின்றார். (சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம்.) யாரும் அவரிடம் சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டாவது அண்டாவில் கையை விட்டார். அதற்கு மேல் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? ஐயரம்மாவும் வந்தார். பிறகு வாலிபர் சங்கப் பையன்கள். இப்போது தெருவாரியாக முறை வைத்திருக்கிறோம். ஆண்கள் கட்டாயம் வர வேண்டும். ஒரு காலத்தில் கூலிக்குக் கழுவிய பெண்களில் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவருக்கு முறை கிடையாது. அவர் முதல் பந்தியில் உட்கார வேண்டும், கடைசி வரை எழுந்திருக்கக் கூடாது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. குப்பை குறைந்ததைவிட இது எனக்குப் பெரிது. இது இல்லாமல் அதுவும் நடந்திருக்காது.

சோறு வீணாவது இன்னொரு பக்கம். ஒரு கிலோ அரிசியை வடித்தால் இரண்டரை, மூன்று கிலோ சோறு வரும். ஒரு மூட்டை தப்புக் கணக்குப் போட்டால் எவ்வளவு குழியில் போகும் என்று நீங்களே பாருங்கள். பற்றாமல் போனால் ஊருக்கு அவமானம் என்று எப்போதும் கூடவே போடுவார்கள். எங்கள் சமையல் பொறுப்பாளர் நல்ல யோசனை சொன்னார். குழம்பைக் கடைசியில் கூட்ட முடியாது, ஆனால் சோற்றைக் கூட்டலாம். உலை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தால், அரிசி போட்டு அரை மணியில் இறக்கிவிடலாம். அதனால் கடைசி இரண்டு அண்டாவுக்கு உலை வைத்துவிட்டு, அரிசியைக் கழுவாமல் மூட்டையிலேயே வைத்திருப்பது. இரண்டாம் பந்தியில் எத்தனை வரிசை நிறைகிறது என்று பார்த்த பிறகு போடுவது. இப்போது பெரும்பாலும் ஒரு அண்டா அரிசி மூட்டையிலேயே மிஞ்சுகிறது. அது ஊரில் தேவைப்படும் வீடுகளுக்கு அரிசியாகவே போகிறது. இலையில் மிச்சம் வைக்காமல் இருக்க, பரிமாறுகிறவர்களிடம் சின்னக் கரண்டி கொடுத்திருக்கிறோம். கேட்டால் திரும்பத் திரும்ப வைக்கலாம், கேட்காமல் கொட்டக் கூடாது. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகும் மீதித் துணிக்கைகளைப் பொறுக்கிச் சேர்க்கச் சொன்னவரின் பிள்ளைகள் நாம். அங்கே பன்னிரண்டு கூடை நிறைந்தது என்று சொல்கிறோமே தவிர, ஏன் சேர்க்கச் சொன்னார் என்பதை யோசிப்பதில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோகும் பங்குக்குப் பாலித்தீன் பையை நிறுத்தியது கடினமாக இருக்கும் என்று பயந்தேன். அதற்கும் பக்கத்திலேயே முன்மாதிரி இருந்தது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குவாளியோடு நிற்பதை எங்கள் பக்கம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காயல்பட்டினத்தில் ஆனாலும் மேலப்பாளையத்தில் ஆனாலும் மாசம் முழுக்கச் சாயங்காலம் அது நடக்கிறது. அதை எடுத்துச் சொல்லி, "தூக்குச்சட்டி கொண்டு வந்தால்தான் குழம்பு" என்று இரண்டு ஞாயிறு விளம்பரம் வாசித்தோம். கொண்டுவராதவர்களுக்கு ஓலைப்பெட்டியில் சோறு மட்டும் கொடுத்தோம், குழம்பு கொடுக்கவில்லை. முணுமுணுப்பு இருந்தது. அடுத்த வருஷம் எல்லார் கையிலும் தூக்குச்சட்டி. அந்த ஓலைப்பெட்டி உடன்குடிப் பக்கத்துப் பெண்கள் முடைந்து விற்பது. பனை நம் மாநில மரம் என்று பெருமை பேசுகிறோம், அதன் ஓலையை வாங்க ஆளில்லாமல் மரம் செங்கல் சூளைக்குப் போகிறது. கோயில்கள் பெட்டியும் பாயும் வாங்கினாலே சில வீடுகளில் அடுப்பு எரியும்.

இலைக்கு ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழை இருக்கும்போது காகித இலைக்கு அவசியமே இல்லை. சாப்பிட்ட இலையை இப்போது மாடுகளுக்குப் பயமில்லாமல் போடலாம், நடுவே கப்பும் பாக்கெட்டும் இல்லாததால். எலும்பைத் தனியே எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவது கோயில் தோட்டத்துக் குழியில் சாணியோடும் சருகோடும் அடுக்கப்படுகிறது. மக்கின உரத்தை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் விட்டோம். முருங்கைக்காய்க் கட்டும் நாட்டுக்கோழியும் ஏலம் போகிற இடத்தில் ஒரு மூட்டை உரம் நல்ல விலைக்குப் போனது. எடுத்தவர் வாழை போட்டிருக்கிறவர்.

தீராதவை இருக்கின்றன. தண்ணீர் இன்னும் கேனில்தான் வருகிறது. அந்தக் கேன் திரும்பப் போகிறது என்பதால் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் நவம்பர் மாதம் பிளாஸ்டிக் மாலைகள் நிறைந்துவிடுகின்றன. அதைப் பற்றிப் பேசுவது கஷ்டம். துக்கத்தோடு வருகிறவர்களிடம் கடுமையாகச் சொல்ல முடியாது. கல்லறைத் தோட்டத்து வாசலில் சங்கமே அரளியும் செவ்வந்தியும் கட்டி வைக்கலாமா என்று பார்க்கிறோம். பெரிய சண்டை பிளெக்ஸ் பேனர். பண்டிகைக்குக் கட்டும் பேனரில் தங்கள் போட்டோ இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். போன கமிட்டியில் துணியில் எழுதலாம் என்றேன். தேதி மட்டும் மாற்றி வருஷா வருஷம் கட்டலாமே என்றும் சொன்னேன். முடிவு எடுக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. வரும் கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன்.

டம்ளர்கள் இப்போது ஊருக்கே பொதுவாகிவிட்டன. கல்யாண வீட்டுக்கும் துட்டி (சாவு) வீட்டுக்கும் போகின்றன. அம்மன் கோயில் கொடைக்கும் வந்து கேட்டார்கள், சந்தோஷமாகக் கொடுத்தோம். வாடகை கிடையாது. எண்ணிக் கொடுப்போம், கழுவி எண்ணித் திருப்பித் தர வேண்டும். பக்கத்து ஊர்ச் சபையார் யாராவது இதைப் படித்தால், உங்கள் அசனத்துக்கும் தரத் தயார். அண்டாவும் நார்க்கட்டிலும் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மே மாதத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பண்டிகை வருகிறது.